முன்சீட்டுப் பொருளியல்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு போடும் கடையொன்றில் எனக்குப் பிரியாவிடை விருந்து வைத்தார்கள். மீன் தலைக்கறி மேசைக்கு வந்ததும், எங்கள் பொருளியல் துறையின் கடைக்குட்டி ஆசிரியை ஹரிணி நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்பினால்தான் என்று ஒரு நிமிடம் ஏமாந்துபோனேன்.

“மிஸஸ் மணி, உங்க மாடல் ஆன்சர் ஃபைல் எல்லாம் எனக்கே குடுத்துடுங்க லா. வேற யாராச்சும் கேக்குறதுக்குள்ள இப்பவே சொல்லி வச்சுக்கிறேன்.”

“எடுத்துக்கோ தாயே. வீட்டுக்குக் கொண்டுபோனா எங்க வீட்டுக்காரர் பழைய பேப்பரோட கராங்குனிக்காரர்கிட்ட போட்டுடுவார்.”

“ஆனா இனிமே எவ்ளோ யூஸ் ஆகும்னு தெரியல மிஸஸ் மணி. நாலாவது சப்ஜெக்ட் மார்க் மொத்தத்த ஏத்துனாதான் யூனிவர்சிட்டிக் கணக்குல அதச் சேர்த்துக்குவாங்களாம், இல்லன்னா விட்டுடுவாங்களாம். நம்ம எகனாமிக்ஸ்தானே பாதிப் பேருக்கு நாலாவது? யாரு இனிமே மண்டைய உடைச்சுப் படிக்கப்போறா?”

சொல்லிவிட்டு அவள் மீனின் கன்னத்துச் சதையை லாகவமாக எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டாள். பிறகு, துறையின் செய்திமடலுக்கு என்னை ஏதாவது எழுதித் தரச் சொன்னாள். மறக்க முடியாத மாணவர் யாராவது இருந்தால் அவரைப் பற்றி, சந்தோஷமாக, ஒரு பக்கத்தில், ஆங்கிலத்தில் வேண்டுமாம்.

ஹரிணி, மன்னித்துக்கொள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. சந்தோஷமாகவும் இல்லை. நடந்தது தமிழில் நடந்ததால் ஆங்கிலத்திலும் வரவில்லை.

நான் ஆசிரியையான கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பட்டம் வாங்கினேன், பயிற்சி முடித்தேன், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடம் படிக்கும் தொடக்கக் கல்லூரி ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முதல் நாள் விரிவுரை அரங்கில் அத்தனை தலைகளைப் பார்த்து, கீழ்நோக்கி இறங்க வேண்டிய தேவைக் கோட்டை மேல்நோக்கி வரைந்துவிட்டேன். பிள்ளைகள் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. இந்தப் பாடத்துக்கு வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

அறிவியல் படிக்கிற பிள்ளை கலைப் பாடம் ஒன்றையாவது எடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கல்லூரிகளின் விதி. இலக்கியம் என்றால் பயம், வரலாறு என்றால் தூக்கம், புவியியல் என்றால் பாறை. மிச்சமிருப்பது பொருளியல். பொங்கிவரும் கூட்டம் முழுக்க எங்கள் வாசலுக்குத்தான் வரும். ஒவ்வோர் ஆண்டும் முதல் டுட்டோரியலில் ஏன் இந்தப் பாடத்தை எடுத்தாய் என்று கேட்பது என் வழக்கம். “வேற வழியில்ல மிஸ்” என்று உண்மையைச் சொல்வார்கள். சில புத்திசாலிகள் “பிஸினஸ் பண்ணலாம்” என்பார்கள். நானும் சிரித்துவிட்டு நோட்ஸை விநியோகிப்பேன். அந்த நோட்ஸில் முக்கியமான சொற்கள் இருக்கும் இடமெல்லாம் கோடிட்டு வெற்றிடமாக விட்டிருப்போம். நாங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். அப்படித்தான் பாடம் நடந்தது.

ஜெசிந்தா மட்டும் வேறு பதில் சொன்னாள். “எங்கப்பா டாக்சி ஓட்டுறாரு மிஸ். மழை பெஞ்சா எல்லாருக்கும் டாக்சி வேணும். அப்பதான் ரோட்டுல டாக்சியே இருக்காது. அது ஏன்னு தெரிஞ்சுக்கணும்.”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அத்தனை வருடத்தில் ஒரு கேள்வியோடு என் பாடத்துக்கு வந்த ஒரே பிள்ளை அவள்தான்.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வருவாள். அப்பா அந்தோணி காலை வேலையைத் தொடங்கும்போது மகளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போவார். வழியில் இருவரும் பேசுவது முழுக்க என் பாடம்தான். எந்த முனையில் ஆள் ஏறுவார்கள், எங்கே காலியாகத் திரும்ப வேண்டும், ஏன் சில ஓட்டுநர்கள் மழையில் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறார்கள் என்று எல்லாம் பேசுவார்கள். “வழுக்கி எங்கயாச்சும் இடிச்சா சொந்தக் காசுல கட்டணும் மிஸ். அதான் அப்பா மழை விடுறவரைக்கும் காப்பிக் கடையில இருப்பாரு” என்று வகுப்பில் வந்து சொன்னாள். பாடப் புத்தகத்தில் அதற்கு இருக்கும் பெயரை நான் சொன்னேன். அவள் கண்ணில் பார்த்த வெளிச்சத்தை நான் வேறு எந்தப் பிள்ளையிடமும் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்திலும் பொருளியல்தான் படிப்பேன் என்று முதல் வருடமே முடிவு செய்துவிட்டாள். நானும் ஆசைப்பட்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? எனக்குப் பிள்ளை இல்லை. என் பாடத்துக்காவது ஒரு பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இப்போது எங்கள் துறைத் தலைவி மிஸஸ் கோ பற்றிச் சொல்ல வேண்டும். காத்தோங்கில் பிறந்து வளர்ந்த, சீன மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கான் குடும்பத்து அம்மாள். எப்போதும் கஞ்சி போட்ட சட்டை, பச்சை மை பேனா. அவர் பேசும் ஆங்கிலத்தில் குரல் உயர்ந்தே நான் கேட்டதில்லை. அவர் முன்னால் போய் “இந்தப் பையன் கெட்டிக்காரன்” என்றால், “ஸ்கிரிப்டுல எங்கே?” என்பார். “இந்தப் பெண்ணுக்கு வீட்டில் கஷ்டம்” என்றாலும் அதே கேள்விதான். விடைத்தாளில் இல்லாதது உலகத்தில் இல்லை. புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகுதான் புரிந்தது, பணக்கார வீட்டுப் பிள்ளையின் அப்பா நேரில் வந்து உட்கார்ந்தாலும் அவர் கேட்பது அதே கேள்விதான் என்று. அதற்குமேல் அவரை எதிர்க்க எனக்கு மனம் வரவில்லை.

திருத்துவதற்கு முன்னால் மதிப்பெண்ணை ஒழுங்குபடுத்த அவர் ஒரு கூட்டம் நடத்துவார். பெயரை மறைத்து நகலெடுத்த விடைத்தாளை ஆசிரியர்கள் எல்லோருக்கும் தருவார். யாரும் யாரோடும் பேசக்கூடாது. படித்துவிட்டு மதிப்பெண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட வேண்டும். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பலகையில் எழுதுவார். எண்கள் ஒத்துப்போனால் அடுத்த தாள். ஒத்துப்போகவில்லை என்றால் வாதாட வேண்டும், விடைத்தாளின் வரியைக் காட்டிக் காட்டி. எல்லாம் முடிந்தபிறகுதான், உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிப்பப் பொட்டலத்தைப் பிரிப்பார். ஆறிப்போன கறிப்பப்பை நான் எத்தனை வருடம் தின்றிருப்பேன்!

ஜெசிந்தா இரண்டாம் வருடம் படிக்கும்போது, கைப்பேசியில் அழைக்கும் தனியார் கார்கள் ஊரெல்லாம் ஓடத் தொடங்கியிருந்தன. டாக்சி நிறுத்தங்களில் வண்டிகள்தான் வரிசையில் நின்றன, ஆட்கள் இல்லை. ஆண்டிறுதிப் பெரிய பரீட்சைக்கு முன் நாங்களே நடத்துகிற முன்னோட்டத் தேர்வுக்கு, என் சக ஆசிரியர் ஒருவர் அதையே கேள்வியாக வைத்தார். இரண்டு பத்திச் செய்தி கொடுத்து, ‘புதிய போட்டியிலிருந்து டாக்சி ஓட்டுநர்களை அரசு பாதுகாக்க வேண்டுமா? ஆராய்க.’ நல்ல கேள்விதான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

கூட்டத்தில் நகல் கைக்கு வந்தது. பெயர் மறைத்திருந்தாலும் இரண்டாவது வரியிலேயே யாருடையது என்று தெரிந்துவிட்டது. வரைபடம் சுத்தமாக இருந்தது. பயணிகளுக்குக் கிடைக்கும் ஆதாயத்தை அழகாக நிழலிட்டிருந்தாள். அதன் பக்கத்தில் எழுதியிருந்தாள்: ‘இழப்பு ஒன்றையும் நிழலிட வேண்டும். அதற்கு இந்தப் படத்தில் இடம் இல்லை.’ பிறகு ஒரு ஓட்டுநரைப் பற்றி முழுப் பக்கம். அவர் பெயரைச் சொல்லவில்லை. ஐம்பது தாண்டியவர், வேறு வேலைக்குப் பயிற்சி எடு என்று எல்லோரும் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பவர். உழைப்பாளி ஒரு சந்தையிலிருந்து இன்னொரு சந்தைக்கு நகர்வார் என்று பாடம் சொல்கிறது, நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றிப் பாடம் எதுவும் சொல்லவில்லை என்று முடித்திருந்தாள். மறுபக்கத்து வாதம் ஒரு வரிகூட இல்லை.

டின்னுக்குள் நான் போட்ட சீட்டு ஒன்றுதான் உயர்ந்த மதிப்பெண். மற்ற சீட்டுகளிலெல்லாம் அடிமட்ட எண்கள்.

“மிஸஸ் மணி, சொல்லுங்க” என்றார் மிஸஸ் கோ.

சொன்னேன். நிழலிட்ட இடத்தைக் காட்டினேன், அந்த வரியைக் காட்டினேன், இந்த வயதில் யாருக்கு இது தோன்றும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

“இரண்டு பக்கமும் பார்க்கணும்னு கேள்வி சொல்லுது. ரெண்டாவது பக்கம் ஸ்கிரிப்டுல எங்கே?”

தாளை மறுபடி புரட்டினேன். அது இல்லை.

“இந்தப் பிள்ளை யாருன்னு உங்களுக்குத் தெரியும். அதான் உங்களுக்கு நிறைய தெரியுது” என்றார் மெதுவாக. “வெளிநாட்டுல உட்கார்ந்து பெரிய பரீட்சைத் தாளைத் திருத்துறவருக்கு இவளைத் தெரியாது. நாம இங்க பாவம் பார்த்தா அங்க அடி இவளுக்குத்தான் விழும்.” பச்சை மையில் குறைந்த மதிப்பெண் விழுந்தது. கறிப்பப் பொட்டலம் பிரிக்கும்போது என் பக்கம் குனிந்து, “இந்த வருஷம் நான் படிச்சதுல நல்ல பக்கம் இதுதான்” என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னது எல்லாமே சரி என்பதால்தான் வந்தது.

மதிப்பெண் சரிந்த பிள்ளைகளின் பெற்றோரை அழைப்பது வழக்கம். அந்தோணி டாக்சி நிறுவனத்துச் சட்டையோடு மண்டபத்துக்கு வந்தார். பக்கத்தில் ஜெசிந்தா, நகத்தைக் கடித்தபடி. அத்தனை மேசையில் தமிழில் பேசியது எங்கள் மேசை மட்டும்தான்.

“என்ன டீச்சர் இப்படி ஆயிருச்சு? எகனாமிக்ஸ்தான் இவளுக்கு உசுரு. அதுல போயி பெயில் பண்ற மாதிரி வாங்கியிருக்கா. என்னதான் எழுதினா? எனக்கு இங்லிஷ்ல இவ்வளவெல்லாம் படிக்க வராது. கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க.”

ஜெசிந்தா “வேணாம் பா” என்றாள். அவர் கேட்கவில்லை. நான் அந்தப் பக்கத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முதலில் தலையாட்டிக்கொண்டிருந்தவர், பிறகு ஆட்டுவதை நிறுத்திவிட்டார். யாரைப் பற்றி என்று புரிந்துவிட்டது. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்கு மார்க் இல்லையா?”

“இல்லண்ணே. மறுபக்கமும் எழுதணும். பயணிங்களுக்கு நல்லது, போட்டி வந்தா சேவை நல்லாயிருக்கும், கொஞ்சப் பேரு இந்தத் தொழில விட்டுப் போறது தவிர்க்க முடியாது, அரசாங்கம் பயிற்சி குடுத்தாப் போதும். இப்படி எழுதி, கடைசியில ஒரு முடிவு சொல்லணும்.”

“அதுவும் நெசந்தானே டீச்சர்? போன மாசம் என் வண்டி வர்க்‌ஷாப்புல கெடந்தப்ப நானே கிளினிக்குக்குப் போக அந்தக் காரத்தான் கூப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணி பாட்டில்கூட வச்சிருந்தான் அந்தத் தம்பி.” சிரித்தார். பிறகு மகளைப் பார்த்துத் திரும்பினார். “நீ எழுதும்மா. அப்பா வேண்டாம்னே எழுது. பரவால்ல லா. பேப்பர்லதானே?”

“பேப்பர்லதான்னு இல்ல பா. கடைசி முடிவு நம்ம சொந்த முடிவா இருக்கணும். நம்பாம எழுதுனா திருத்துறவங்களுக்குத் தெரிஞ்சுரும். மிஸ்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“அப்ப நம்பி எழுது” என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். வேறு என்ன செய்ய முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் அவள் பொருளியல் படிக்க வேண்டும் என்றால் பெரிய பரீட்சையில் அந்த மதிப்பெண் வேண்டும். அந்த மதிப்பெண் வேண்டும் என்றால் அந்த மறுபக்கம் வேண்டும்.

அதற்குப் பிறகு பரீட்சைவரை வாரா வாரம் அந்தக் கேள்வியையும் அதன் சாயலில் வேறு கேள்விகளையும் என்னிடம் எழுதிக் காட்டினாள். முதல் முறை மறுபக்கம் நொண்டியது. நான் திருத்தினேன். அடுத்த முறை நடந்தது. பிறகு ஓடியே விட்டது. ‘திறன் குறைந்த ஓட்டுநர்கள் வெளியேறுவது வளங்கள் சரியாகப் பயன்பட வழிவகுக்கும்’ என்று ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். மிஸஸ் கோ அதைப் படித்துவிட்டு, “இப்ப ஸ்கிரிப்டுல இருக்கு” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை, கல்லூரிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் ஜெசிந்தா இறங்குவதைப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். “என்ன, அப்பா கொண்டுவந்து விடலையா?” என்றேன். “பஸ்ல வந்தா படிக்கலாம் மிஸ்” என்றாள். அவள் கையில் புத்தகம் எதுவும் இல்லை. மழையைப் பற்றி அவள் அப்புறம் கேட்கவே இல்லை.

பரீட்சை முடிந்தது. முடிவு வந்த அன்று பொருளியலில் ‘ஏ’. மண்டபத்தில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போடுகிறாய் என்று ஆவலாகக் கேட்டேன்.

“பிசியோதெரபி மிஸ்.”

“எகனாமிக்ஸ்?”

“போதும் மிஸ்” என்றாள், மரியாதையாக. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் ஏதாவது பேசியிருப்பேன்.

அந்தோணியின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. விமான நிலையம், மருத்துவமனை என்று எங்கே போவதென்றாலும் அவரைத்தான் அழைப்பேன். இன்னமும் டாக்சிதான் ஓட்டுகிறார். மகளைப் பற்றிக் கேட்டால், நல்லா இருக்கா டீச்சர், ஆஸ்பத்திரியில நல்ல பேரு என்பார். அதோடு முடிந்துவிடும்.

கல்லூரியில் என் கடைசி நாளன்று சாமான்களை ஆங் மோ கியோ வீட்டுக்குக் கொண்டுபோக அவரை வரச் சொன்னேன். கொட்டுகிற மழை. வந்தார். பெட்டி ஒன்றை முன்சீட்டில் வைக்கப்போனேன். வாங்கிப் பின்னால் வைத்தார். “முன்னால வேணாம் டீச்சர்.” கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“நீங்க வேலைய விட்டுப் போறீங்க, அதான் இப்பக் கேக்குறேன். அன்னைக்கு மண்டபத்துல பேசினோமே, அதுக்கப்புறம் அவ இந்த சீட்டுல உக்காரவே இல்ல டீச்சர். எங்க போனாலும் பின்னாலதான். பெரிய பரீட்சையில என்னைய வேண்டாம்னு எழுதிட்டா, அந்தக் கூச்சம் போலன்னு நான் கேக்கல. எழுதச் சொன்னதே நான்தானே? வருத்தம் ஒண்ணும் இல்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான். அந்த ‘ஏ’ வாங்குன பேப்பர்ல என்னன்னு எழுதினா?”

இத்தனை வருடமாக இப்படி ஒன்று அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

“அண்ணே, பெரிய பரீட்சையில அந்தக் கேள்வி வரல. காப்பிக்கொட்டை விலையப் பத்திக் கேட்டிருந்தாங்க. டாக்சின்னு ஒரு சொல்லுகூட அதுல இல்ல.”

“வரவே இல்லையா?”

“வரல. அவ எழுதுனதெல்லாம் எங்கிட்டதான். என் ரூம்ல.”

சிவப்பு விளக்கு பச்சையானது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவர் அசையவில்லை. “அவ சொல்லவே இல்லையே” என்றார். “நானும் கேக்கல.” பிறகுதான் வண்டியை எடுத்தார். வராத கேள்விக்காக ஒரு பிள்ளையை அவள் அப்பாவின் பக்கத்திலிருந்து எழுப்பிப் பின்னால் உட்காரவைத்துவிட்டோமே என்று நினைக்க நினைக்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அதை இவ்வளவு சரியாகச் செய்தோமே என்பது இன்னும் ஆற்றாமை.

நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். நான் ஒரு பெட்டியைப் பிரித்துத் தேடி, அன்றைக்குக் கூட்டத்தில் கொடுத்த, ஃபைலிலிருந்து தனியே எடுத்துவைத்திருந்த அந்த நகலை எடுத்தேன். பெயர் மறைத்த பக்கம். முதலில் எழுதியது, மதிப்பெண் கிடைக்காதது.

“இது உங்களுக்குத்தான் எழுதுனது. நீங்களே வச்சுக்கங்க.”

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்குப் படிக்க வராதே டீச்சர். அவளத்தான் படிச்சுச் சொல்லச் சொல்லணும்.” ஈரம் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடி, கதவைத் திறந்து, அதை முன்சீட்டில் வைத்தார்.

கேட்பாரா, அவள் படிப்பாளா, எனக்குத் தெரியாது. அவருக்கு மகள் திரும்பக் கிடைத்தாலும், என் பாடத்துக்கு அவள் கிடைக்கப்போவதில்லை. ஹரிணி, ஃபைலெல்லாம் உன் மேசையிலேயே வைத்திருக்கிறேன். அந்த வருடத்து ஃபைலில் ஒரு விடைத்தாள் குறையும். தேடாதே.